கோத்தகிரிக் குளிரில் ஹீட்டர் போட்டாலும் குளிர்காற்றுதான் வருகிறது, கண்ணாடியும் தெளிவதில்லை

கோத்தகிரி டீச்சர்
டிசம்பர் 8, இரவு 9.40

வணக்கம். ஜூன் மாதம் திருப்பூரில் ஒருவரிடமிருந்து செகண்ட் ஹேண்டில் ஒரு பெட்ரோல் ஹேட்ச்பேக் வாங்கினோம். 2013 மாடல், 74,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. ஓட்டிப் பார்த்தோம், ஏசி போட்டுப் பார்த்தோம், எல்லாம் சரியாகவே இருந்தது. திருப்பூர் வெயிலில் நின்றுகொண்டு ஹீட்டரைப் போட்டுப் பார்க்க எங்களுக்குத் தோன்றவில்லை. நவம்பர் கடைசியில் இங்கே குளிர் இறங்கிய பிறகுதான் குறை தெரிந்தது.

காலையில் ஏழு மணிக்கு முன்பே கிளம்பிவிடுவேன். பள்ளிக்கூடம் கட்டபெட்டு தாண்டி, குன்னூர் போகும் வழியில். ஹீட்டர் திருகைச் சிவப்புக் கோட்டின் கடைசிவரை திருப்பி வைத்தாலும், பள்ளி போய்ச் சேரும்வரை காற்றில் சூடு ஏறுவதே இல்லை. நான் அறிவியல் ஆசிரியை. ஆய்வகத் தெர்மாமீட்டரை ஒரு நாள் கொண்டுவந்து அளந்தே பார்த்தேன். வெளியே 9 டிகிரி. அரை மணி நேரம் ஓட்டிய பிறகு நடு வென்ட்டில் வந்த காற்று 21 டிகிரி. அவ்வளவுதான்.

அதோடு ஃபேன் 1, 2, 3ல் வைத்தால் ஓடுவதே இல்லை. 4ல் மட்டும்தான் ஓடுகிறது. அப்போதும் சத்தம்தான் அதிகம், காற்று குறைவு. திருகைக் கண்ணாடிப் படத்துக்குத் திருப்பினாலும் பாதிக் காற்று முகத்துக்கே வருகிறது. அதனால் முன்கண்ணாடி உள்பக்கமாகப் பனிமூட்டம் போல மூடிக்கொள்கிறது. ஒரு கையில் துணி, ஒரு கையில் ஸ்டீயரிங் என்று ஓட்டுகிறேன். போன வியாழக்கிழமை கட்டபெட்டுக்கு முன்னால் ஒரு வளைவில், எதிரே வந்த தேயிலை லாரியை மிக அருகில் வந்த பிறகுதான் பார்த்தேன். அன்று வகுப்புக்குப் போயும் கை நடுங்கியது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அம்மாவுக்கு வீசிங் உண்டு. மாதம் இரண்டு முறை குன்னூருக்கு டாக்டரிடம் அழைத்துப் போகிறேன். முன் சீட்டில் சால்வை, குல்லா எல்லாம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாலும் கால் சில்லிட்டுப் போகிறது என்கிறார். அவர் கால் வைக்கும் இடத்தில் மேட் எப்போதும் ஈரமாகவே இருக்கிறது. மழையில் நனைந்த செருப்பால் வந்த ஈரம் என்று முதலில் நினைத்தேன். இப்போது மழை இல்லாத நாளிலும் காயவில்லை.

இன்னும் இரண்டு விஷயம், சம்பந்தம் உண்டா என்று தெரியவில்லை. டெம்பரேச்சர் முள் கால் பங்குக்கு மேல் ஏறுவதே இல்லை. மேட்டுப்பாளையம் இறங்கும்போது அரவேணு தாண்டியதும் அடியிலேயே போய்ப் படுத்துக்கொள்கிறது. விற்றவர் இதைப் பெருமையாகத்தான் சொன்னார், “இன்ஜின் சூடே ஆகாது மேடம்” என்று. அப்புறம், சாவியைத் திருப்பியதுமே முன்னால் ரேடியேட்டர் ஃபேன் ஓடும் சத்தம் கேட்கிறது. மைலேஜ் 12தான் கிடைக்கிறது.

இரண்டு இடத்தில் காட்டினேன். ஒருவர், உள்ளே ஹீட்டர் காயில் போய்விட்டது, டேஷ்போர்டு முழுக்கக் கழற்ற வேண்டும், 18,000 ரூபாய் ஆகும் என்றார். இன்னொருவர், சின்ன பெட்ரோல் வண்டியில் இவ்வளவுதான் சூடு வரும் என்று அனுப்பிவிட்டார். டேஷ்போர்டைக் கழற்றுவதற்கு முன்னால் நானே பார்க்கக்கூடியது ஏதாவது உண்டா?


ஊட்டி டாக்ஸி
டிசம்பர் 8, இரவு 10.25

மேடம், ஹீட்டரை அப்புறம் பார்க்கலாம். நாளைக் காலையும் நீங்கள் அந்த ரோட்டில் போகவேண்டும் இல்லையா, முதலில் கண்ணாடிக்கு வழி சொல்கிறேன். 22 வருடமாக இந்த மலையில் ஓட்டுகிறேன்.

ஏசி பட்டனை அமுக்குங்கள். குளிரில் ஏசியா என்று எல்லாரும் கேட்பார்கள். ஏசி காற்றைக் குளிர வைப்பதோடு, காற்றில் இருக்கும் ஈரத்தையும் பிழிந்து எடுத்துவிடும். கண்ணாடியை மூடுவது நம் மூச்சில் இருந்து வரும் ஈரம்தான். ஹீட்டர் நன்றாக இருக்கிற வண்டியில் ஏசியும் ஹீட்டரும் சேர்த்துப் போட்டால் காய்ந்த சூடான காற்று வரும், ஒரு நிமிடத்தில் கண்ணாடி தெளியும். உங்கள் வண்டியில் இப்போது சூடு இல்லாவிட்டாலும் காய்ந்த காற்றாவது கிடைக்கும். வெளியே உறைபனி விழுகிற அளவுக்குப் போனால் கம்ப்ரஸர் தானாகவே ஓடாது. 9 டிகிரியில் ஓடும்.

உள்காற்றையே சுற்றவிடும் பட்டன் அமுக்கி இருந்தால் எடுத்துவிடுங்கள். நிறையப் பேர் குளிர் என்று அதைப் போட்டு வைப்பார்கள். நான்கு பேர் விடும் மூச்சு உள்ளேயே சுற்றும், அப்புறம் எவ்வளவு துடைத்தாலும் தெளியாது. ஜன்னலை ஒரு விரல் அளவு இறக்கி வையுங்கள். கையால் துடைக்காதீர்கள், எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டி அடுத்த நாள் இன்னும் அதிகமாக மூடும். இரவே கண்ணாடியின் உள்பக்கத்தை ஒரு சொட்டு பாத்திர சோப்பு போட்ட தண்ணீரில் துடைத்து, பழைய பேப்பரால் பளிச்சென்று தேய்த்துவிடுங்கள்.

தலைகுந்தா பக்கம் காலையில் கண்ணாடி மேல் உறைபனி படிந்து நிற்கும்போது சில பேர் கொதிக்கிற தண்ணீரை ஊற்றுவார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். கண்ணாடி விரிசல் விட்டதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.


குன்னூர் பட்டறை
டிசம்பர் 9, காலை 6.15

டீச்சர், நீங்கள் கடைசியில் “சம்பந்தம் உண்டா என்று தெரியவில்லை” என்று எழுதிய இரண்டு விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. டேஷ்போர்டைத் தொடவேண்டாம்.

ஹீட்டருக்கென்று தனியாக அடுப்பு எதுவும் கிடையாது. இன்ஜினைச் சுற்றி ஓடும் சூடான தண்ணீரில் கொஞ்சத்தை இரண்டு ஹோஸ் வழியாக டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஒரு சின்ன ரேடியேட்டருக்கு அனுப்புகிறார்கள். அதைத்தான் ஹீட்டர் காயில் என்கிறோம். ப்ளோயர் அதன் வழியாகக் காற்றைத் தள்ளும். அதனால் இன்ஜின் தண்ணீரே சூடாகவில்லை என்றால் 18,000 ரூபாய்க்குப் புதுக் காயில் போட்டாலும் இதே 21 டிகிரிதான் வரும்.

இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் மூடிவைப்பது தெர்மோஸ்டாட் வால்வு. அது நன்றாக இருந்தால் முள் பாதிக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும். கால் பங்கில் நிற்கிறது, இறக்கத்தில் அடியில் விழுகிறது என்றால் தெர்மோஸ்டாட் வால்வு திறந்தபடி மாட்டியிருக்கவேண்டும், இல்லை வால்வே இல்லாமல் இருக்கவேண்டும். சமவெளியில் இது நிறைய நடக்கிறது. வண்டி சூடாகிறது என்று கொண்டுபோனால், சூடாகிற காரணத்தைத் தேடாமல் வால்வைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். ரேடியேட்டர் ஃபேனையும் எப்போதும் ஓடும்படி டைரக்ட் செய்துவிடுவார்கள். சாவி போட்டதும் ஃபேன் ஓடுகிறது என்று நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அதுவும் நடந்திருக்கிறது. ஏசி போட்டிருந்தால் ஃபேன் ஓடும், அது சரிதான். அதனால் ஏசியை அணைத்துவிட்டு இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள்.

இப்போது நீங்கள் கையாலேயே பார்க்கக்கூடியது. இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்து, பானட்டைத் திறந்து, இன்ஜினில் இருந்து ரேடியேட்டரின் மேல் பக்கம் போகும் பெரிய ஹோஸைத் தொட்டுக்கொண்டே இருங்கள். ஃபேன் பக்கம் விரலோ சால்வையோ போகக்கூடாது. வால்வு நன்றாக இருந்தால் அந்த ஹோஸ் ஏழெட்டு நிமிடம் சில்லென்றே இருக்கும். இன்ஜின் சூடேறி வால்வு திறக்கும்போது திடீரென்று சூடாகும். வால்வு இல்லாவிட்டால் முதல் இரண்டு நிமிடத்திலேயே இன்ஜினோடு சேர்ந்து மெல்ல வெதுவெதுப்பாகும். சில வண்டிகளில் வால்வு கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும், உங்கள் மாடலில் மேலேதான் என்று நினைக்கிறேன்.

அடுத்து, அரை மணி ஓட்டிவிட்டு வந்து, இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும் தகட்டுச் சுவரைப் பாருங்கள். கட்டைவிரல் பருமனில் இரண்டு ஹோஸ் உள்ளே போகும். இரண்டையும் துணி வைத்துத் தொடுங்கள். இரண்டும் நல்ல சூடு என்றால் தண்ணீர் ஓடுகிறது, குறை உள்ளே காற்றைக் கலக்கும் தட்டில். ஒன்று சூடு, ஒன்று ஆறிப்போனது என்றால் காயில் அடைத்திருக்கிறது. இரண்டும் வெதுவெதுப்பு என்றால் இன்ஜினே சூடாகவில்லை.

ஈரத்துக்கு ஒரு சோதனை. மேட்டை எடுத்துவிட்டு, கார்ப்பெட்டில் வெள்ளை டிஷ்யூவை அழுத்தி எடுங்கள். வெறும் தண்ணீர் மாதிரி இருந்தால் மழைத்தண்ணீர் அல்லது ஏசி தண்ணீர். பச்சையாகவோ சிவப்பாகவோ வழுவழுப்பாக, இனிப்பு வாசனையோடு இருந்தால்தான் ஹீட்டர் காயில் ஒழுகுகிறது. காயில் ஒழுகினால் கண்ணாடியில் படிவதும் பிசுபிசுப்பாக இருக்கும்.

ரேடியேட்டர் மூடியைச் சூடாக இருக்கும்போது திறக்காதீர்கள். நம் உயரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதிக்கும் என்று பிள்ளைகளுக்கு நீங்களே சொல்லிக்கொடுத்திருப்பீர்கள். அந்த மூடி அழுத்திப் பிடித்திருப்பதால்தான் உள்ளே கொதிக்காமல் இருக்கிறது. திறந்த நொடியில் முகத்தில் அடிக்கும்.


கோத்தகிரி டீச்சர்
டிசம்பர் 11, இரவு 8.50

அண்ணா, நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் செய்து பார்த்தேன்.

ஏசி அணைத்த பிறகும் சாவி போட்டதும் ஃபேன் ஓடுகிறது. மேல் ஹோஸ் மூன்றாவது நிமிடத்திலேயே வெதுவெதுப்பாகிவிட்டது, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. திடீரென்று சூடானது என்று சொல்லவே முடியாது. அரை மணி ஓட்டிய பிறகு அந்த இரண்டு சின்ன ஹோஸில் ஒன்று வெதுவெதுப்பு. இன்னொன்று கிட்டத்தட்ட ஆறியே இருந்தது. அப்படியானால் இரண்டு குறையும் சேர்ந்தே இருக்கிறதா?

டிஷ்யூவில் வந்தது வெறும் தண்ணீர். நிறம் இல்லை, வாசனை இல்லை, வழுவழுப்பும் இல்லை. எனக்குப் பெரிய நிம்மதி. பிறகு வைப்பருக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் சல்லடையைத் தூக்கிப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்கு மேலே எஸ்டேட், வண்டி நிற்பது சில்வர் ஓக் மரத்தடியில். உள்ளே ஒரு முறம் இலை மக்கிக் கிடந்தது. தண்ணீர் வெளியே போகும் ஓட்டை முழுக்க மண்ணும் இலையும். கையால் அள்ளி, ஒரு குச்சியால் குத்திவிட்டு, ஒரு குவளை தண்ணீர் ஊற்றினேன். சக்கரத்துக்குப் பின்னால் சரசரவென்று இறங்கியது. இதற்கு முன்னால் அந்தத் தண்ணீர் ஃபேன் வழியாக அம்மாவின் காலடிக்குத்தான் போயிருக்கிறது.

அப்படியே கிளவ் பாக்ஸை இறக்கி கேபின் ஃபில்டரையும் எடுத்தேன். அதைப் பார்த்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. கறுப்பாக, ஈரமாக, நடுவில் எலி கூடு கட்டியிருந்த பஞ்சு. ஆறு மாதமாக வீசிங் இருக்கிற அம்மா இதன் வழியாக வந்த காற்றைத்தான் சுவாசித்திருக்கிறார். முதல் வேலையாக அதைத் தூக்கி எறிந்தேன். ஃபில்டர் இல்லாமல் ஓட்டியபோது காற்று இரண்டு மடங்கு வந்தது. கார்ப்பெட்டைத் தூக்கி அடியில் பேப்பர் திணித்து, இரண்டு நாள் வெயிலில் கதவைத் திறந்து வைத்துக் காயவிட்டேன். டாக்ஸி அண்ணா சொன்னபடி ஏசியும் போட்டேன். இன்று காலை கண்ணாடி முக்கால்வாசி தெளிவாக இருந்தது. உங்கள் இருவருக்கும் நன்றி.

சனிக்கிழமை வண்டியைக் கொண்டுவரலாமா? புது வால்வு மட்டும் போட்டால் போதுமா?


குன்னூர் பட்டறை
டிசம்பர் 12, காலை 6.05

கொண்டுவாருங்கள் டீச்சர். வால்வு மட்டும் போட்டால் போதாது, ஏன் என்று சொல்கிறேன்.

காரணம் இல்லாமல் யாரும் வால்வைக் கழற்றுவதில்லை. இந்த வண்டி முன்பு சூடாகியிருக்கிறது. ரேடியேட்டர் அடைப்போ, மூடி பழுதோ, ஃபேன் சென்சார் பழுதோ ஏதோ ஒன்று இருந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் வால்வை மட்டும் மாட்டிக் கொடுத்தால், இங்கே குளிரில் நன்றாக ஓடும். ஏப்ரலில் நீங்கள் மேட்டுப்பாளையம் போய்த் திரும்பி ஏறும்போது குஞ்சப்பனையில் ஆவி பறக்க நிற்கும். அது எனக்குப் பழி. அதனால் முதலில் ரேடியேட்டரைப் பார்த்துவிடுவோம்.

சின்ன ஹோஸில் ஒன்று ஆறியிருந்தது என்கிறீர்கள். வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டிக்கு இது வரும். துரு உதிர்ந்து போய் மெல்லிய குழாய்களில் அடைக்கும். ரேடியேட்டர் ஒழுகினால் வழியில் மஞ்சள் தூள் போடும் பழக்கமும் உண்டு. வீடு போய்ச் சேர அது உதவும். ஆனால் அந்த மஞ்சள் போய் உட்காரும் இடங்களில் ஒன்று ஹீட்டர் காயில். பெரும்பாலும் கழுவினாலே சரியாகிவிடும். இரண்டு ஹோஸையும் கழற்றி, தண்ணீர் வெளியே வரும் பக்கத்தில் இருந்து தோட்டத்துப் பைப்பால் மெல்லத் தண்ணீர் விடவேண்டும். கம்ப்ரஸர் காற்றைப் பலமாக அடிக்கக்கூடாது. அடித்தால் காயில் வெடித்து, நிஜமாகவே டேஷ்போர்டைக் கழற்றவேண்டி வரும்.

ஃபேன் 4ல் மட்டும் ஓடுவதற்குக் காரணம் ரெசிஸ்டர். 1, 2, 3க்கு மின்சாரம் அதன் வழியாகக் குறைந்துதான் மோட்டாருக்குப் போகும், 4க்கு மட்டும் நேராகப் போகும். அது காற்றுப் பாதைக்குள்ளேயே இருக்கும், ப்ளோயர் காற்றுதான் அதை ஆறவைக்கும். உங்கள் ஃபில்டர் அடைத்துக் காற்றே போகாததால் அது வெந்து போயிருக்கும். ஃபில்டரை மாற்றாமல் ரெசிஸ்டரை மட்டும் மாற்றினால் அடுத்ததும் வெந்துவிடும். கனெக்டர் உருகியிருக்கிறதா என்றும் பார்க்கிறேன்.

திருகைத் திருப்பினாலும் முகத்துக்குக் காற்று வருவது கேபிள் கிளிப் கழன்றதாகத்தான் இருக்கும். உங்கள் வண்டியில் காற்றைத் திருப்புவது மோட்டார் இல்லை, கம்பிதான்.


ஸ்காபரோ
டிசம்பர் 12, காலை 8.30

வணக்கம் ரீச்சர். நான் யாழ்ப்பாணம், இப்ப ரொறன்ரோவில் இருக்கிறேன். இங்கே ஹீற்றர் இல்லாமல் ஜனவரியில் வாகனம் எடுக்கவே ஏலாது, மைனஸ் 20க்கும் போகும். அதனால் இந்தப் பிரச்சினையில் எனக்கும் கொஞ்ச அனுபவம் இருக்கிறது.

போன வருடம் என்னுடைய வாகனத்தில் நடந்தது உங்களுடையதற்கு நேர்மாறு. 401 நெடுஞ்சாலையில் ஓடும்போது நல்ல சூடு வரும், சிக்னலில் நின்றால் ஒரு நிமிடத்தில் குளிர்காற்று. டாஷ்போர்ட்டுக்குப் பின்னால் தண்ணீர் சலசலக்கிற சத்தமும் கேட்டது. தெர்மோஸ்டாட் என்று நினைத்து அதை மாற்றினேன், பலன் இல்லை. கடைசியில் பார்த்தால் தண்ணீர் பம்பில் சின்னக் கசிவு. கூலன்ற் (இன்ஜினை ஆறவைக்கத் தண்ணீரோடு கலக்கிற திரவம்) குறைந்து உள்ளே காற்று அடைபட்டிருந்தது. இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது மட்டும் தண்ணீர் ஹீற்றர் வரைக்கும் போயிருக்கிறது. நின்றால் சூடு, ஓடினால் குளிர் என்றால் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகிக்கலாம். ஓடினால் சூடு, நின்றால் குளிர் என்றால் முதலில் கூலன்ற் அளவைப் பாருங்கோ. இதைத் தெரியாமல் நான் ஒரு பாகத்துக்கு வீணாகக் காசு கொடுத்தேன்.

கழுவின பிறகு தயவு செய்து வெறும் தண்ணீர் விடாதேங்கோ. இங்கே பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 வரை உறையாது. உங்களுக்கு அவ்வளவு குளிர் இல்லைதான், ஆனால் கூலன்ற் துருவையும் தடுக்கும், கொதிநிலையையும் உயர்த்தும். கலக்கிறதுக்குக் குழாய்த் தண்ணீர் வேண்டாம், காய்ச்சி வடித்த தண்ணீர் எடுங்கோ. ஒன்று கவனம். கூலன்ற் நஞ்சு, ஆனால் இனிக்கும். நாய், பூனை நக்கினால் உயிர் போய்விடும். கீழே சிந்தினால் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கோ.


கோத்தகிரி டீச்சர்
டிசம்பர் 15, இரவு 9.15

சனிக்கிழமை காலை எட்டரைக்குக் குன்னூர் போனேன், திரும்பி வர மாலை ஆறாகிவிட்டது. முழு நாளும் பட்டறையிலேயே உட்கார்ந்து பார்த்தேன். என்ன நடந்தது என்று இனிமேல் தேடி வருபவர்களுக்காக எழுதிவைக்கிறேன்.

மேல் ஹோஸைக் கழற்றி, அதன் அடியில் இருக்கும் மூடியின் இரண்டு போல்ட்டை எடுத்ததும் அண்ணா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். வால்வு உட்காரும் பள்ளம் காலியாக இருந்தது. சுற்றிலும் செங்கல் நிறத்தில் துரு. வடித்த தண்ணீரும் அதே நிறம்தான், ஒரு துளி கூலன்ட் கூட அதில் இல்லை.

ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்திருந்தது. ரேடியேட்டரில் தண்ணீர் விட்டுப் பார்த்தபோது பாதிக் குழாய்கள் அடைத்திருந்தன. அப்புறம்தான் திருப்பூரில் வண்டி ஏன் சூடாகியது என்பது புரிந்தது. கழுவிப் பார்த்தும் பலன் இல்லாததால் புது ரேடியேட்டர் போட்டோம். செலவில் பெரிய பங்கு இதுதான். அண்ணா வேண்டாம் என்றால் விட்டுவிடலாம் என்று சொன்னார், நான்தான் போடச் சொன்னேன். அம்மாவை வைத்துக்கொண்டு மலைப்பாதையில் பாதி வழியில் நிற்க எனக்கு விருப்பமில்லை.

ஹீட்டர் காயிலைக் கழுவியதை மணிக்கணக்கில் பார்த்திருப்பேன். பின்பக்கமாகத் தண்ணீர் விட்டதும் முதலில் ஒன்றுமே வரவில்லை. பிறகு டீத்தூள் மாதிரி துகள்கள், அப்புறம் காவித் தண்ணீர். பக்கம் மாற்றி மாற்றி ஐந்து முறை விட்ட பிறகு தெளிந்தது. இந்தக் காயிலைத்தான் தூக்கி எறியச் சொல்லி 18,000 கேட்டார்கள்.

புது வால்வை மாட்டுவதற்கு முன்னால் அதைச் சோதிக்கவேண்டும் என்று அண்ணா சொன்னார். பையில் ஆய்வகத் தெர்மாமீட்டர் இருந்தது. பட்டறையில் இருந்த பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, வால்வை நூலில் கட்டித் தொங்கவிட்டோம். அதன் மேல் 82 என்று பொறித்திருந்தது. 82ஐத் தொட்டதும் நடுத்தட்டு நூல் அளவு விலகியது, சூடு ஏற ஏறத் திறந்துகொண்டே போனது. 94ல் தண்ணீர் கொதித்துவிட்டது. குன்னூர் 1,850 மீட்டர் உயரம், அதனால் சரிதான். உள்ளே இருக்கும் மெழுகு உருகி விரிந்து கம்பியைத் தள்ளுகிறது என்று அண்ணா சொன்னார். வெப்பத்தால் விரிவடைதல் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. பழைய வால்வு ஒன்று கேட்டு வாங்கி வந்திருக்கிறேன், எட்டாம் வகுப்புக்குக் காட்டப்போகிறேன். மாட்டும்போது விளிம்பில் ஆடுகிற சின்னப் பின் மேலே வரும்படி வைத்தார். காற்று அதன் வழியாக வெளியேறுமாம்.

காற்றை எடுப்பதற்கு வண்டியை ஏற்றத்தில், மூக்கு மேலே பார்க்க நிறுத்தினார். குன்னூரில் ஏற்றத்துக்கா பஞ்சம். ரேடியேட்டர் வாய் மேலே இருந்தால் காற்றுக் குமிழி தானாக அங்கே வந்துவிடும். மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் போட்டு, இன்ஜினை மெல்ல ஓடவிட்டு, மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விட்டார். இருபது நிமிடம் குமிழி வந்துகொண்டே இருந்தது. குறையக் குறையப் பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் ஊற்றினார். ஸ்காபரோ அண்ணா சொன்னபடி காய்ச்சி வடித்த தண்ணீர்தான் கலந்தோம்.

ஃபேனுக்குப் போகும் சென்சார் வயரை வெட்டி நேராக முடிச்சுப் போட்டிருந்தார்கள். அதைப் பிரித்துப் பழையபடி ரிலே வழியாகக் கொடுத்தார். ரெசிஸ்டரும் கறுகியிருந்தது, கனெக்டரில் ஒரு மூலை உருகியிருந்தது. இப்போது 1, 2, 3, 4 எல்லாம் ஓடுகிறது. காற்றைத் திருப்பும் கம்பியின் கிளிப் கழன்று தொங்கியது, அதை மாட்ட ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நான் இவ்வளவு நாள் பயந்து ஓட்டியதற்குப் பாதிக் காரணம் அந்தக் கிளிப்.

செலவு: வால்வும் கேஸ்கெட்டும் 850, மூடியோடு ரேடியேட்டர் 4,200, கூலன்ட் 1,100, ரெசிஸ்டர் 700, ஃபில்டர் 350, கூலி 3,000. மொத்தம் 10,200 ரூபாய்.

இன்று காலை வெளியே 7 டிகிரி. எட்டாவது கிலோமீட்டரில் முள் நடுவுக்கு வந்து அங்கேயே நின்றது. நடு வென்ட்டில் அளந்தேன், 56 டிகிரி. கண்ணாடி கிளம்பிய சில நிமிடங்களில் ஓரம்வரை தெளிந்துவிட்டது. துணியைத் தொடவே இல்லை. அந்த லாரி வந்த வளைவில் பக்கவாட்டுக் கண்ணாடி வழியாகத் தேயிலைச் செடி மேல் இருந்த பனித்துளி வரைக்கும் தெரிந்தது. அம்மாவை மதியம் ஒரு சுற்று அழைத்துப் போனேன். கால் பக்கம் சூடு அதிகம், குறைத்து வை என்றார்.

நேற்று மேட்டுப்பாளையம் வரை இறங்கிப் பார்த்தேன். முள் விழவில்லை. ஏறும்போது ஏசி போட்டே ஏறினேன். குஞ்சப்பனைக்கு மேலே ஃபேன் தானாக ஓடி, தானாக நின்றது. முள் நடுவிலேயே இருந்தது. மைலேஜ் பற்றி இன்னும் ஒரு டேங்க் போட்டு அளந்த பிறகு எழுதுகிறேன்.

ஒரு சந்தேகம். இன்று மாலை வண்டியை நிறுத்திய பிறகும் ரேடியேட்டர் ஃபேன் ஒரு நிமிடம் போல ஓடியது. அது சரிதானா?


குன்னூர் பட்டறை
டிசம்பர் 16, காலை 6.10

சரிதான் டீச்சர். உங்கள் வண்டி வயரிங் அப்படித்தான். சூடு இறங்கியதும் நின்றுவிடும். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓடினால் மட்டும் சொல்லுங்கள்.

இன்னும் ஒரு வாரத்துக்குத் தினமும் காலையில், ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால், பக்கத்தில் இருக்கும் வெள்ளை டப்பாவில் கூலன்ட் அளவைப் பாருங்கள். உள்ளே மிச்சம் இருக்கும் காற்று வெளியேறும்போது முதல் இரண்டு மூன்று நாள் கொஞ்சம் குறையும், மேல் கோட்டுக்குக் கீழே போனால் மீதி இருக்கும் பாட்டிலில் இருந்து ஊற்றுங்கள். அதற்குப் பிறகும் குறைந்தால் எங்கோ கசிகிறது. ஹோஸ் கிளிப் எல்லாம் புதுசு, சூடு பட்டுத் தளரும். அம்மாவை டாக்டரிடம் கூட்டி வரும் நாளில் பட்டறைக்கு ஒரு பத்து நிமிடம் வந்துவிடுங்கள், இறுக்கிக் கொடுத்துவிடுகிறேன்.